ஒரே மாசத்துல பத்தொன்பது பேரு

ஆமா மேடம். நீங்க கொண்டாந்த இந்தப் படத்துல அஞ்சு வருஷம் தரையோட தரையா போயிட்டு, திடீர்னு இருபத்திரண்டுக்கு ஏறுதே ஒரு கோடு, அதை ஏத்துனது நான்தான். சாஃப்ட்வேர் கோளாறுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களா? சொல்லுவாங்க. கம்ப்யூட்டருக்கு வாய் இல்ல பாருங்க, எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கும்.

உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. ஸ்கூல் பிள்ளைங்க பிரிண்ட் எடுக்க நாலு மணிக்கு மேலதான் வரும். அதுவரைக்கும் கடையில வேலை இல்ல. கணக்கு ஆராய்ச்சி பண்றவங்க, சென்னையிலேருந்து இதைக் கேக்கறதுக்குன்னே வந்தீங்களா? நாலு வருஷமா யாராவது வந்து கேப்பாங்கன்னு இருந்தேன் மேடம். இந்தக் கடையில உக்காந்து ரோட்டையே பாத்துட்டிருந்தேன்.

என் பேரு மாதேஸ்வரி. இந்த வெள்ளக்கல் மலையிலதான் பொறந்தேன். ஊரு காருக்கொம்பை. இங்கேருந்து பஸ்ல ஒரு மணி நேரம், அப்புறம் ஆறு கிலோமீட்டர் நடை. எங்க ஊர்ல கம்ப்யூட்டர் படிச்ச மொத ஆளு நான். படிச்சு முடிச்சதும் வட்டார சுகாதார ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி வேலை கெடைச்சுது, ஒப்பந்தத்துல. மலை பூரா இருக்கற நர்சம்மாங்க மாசக் கடைசியில ரெஜிஸ்டரைத் தூக்கிட்டு வருவாங்க. எத்தனை பிரசவம், எத்தனை ஊசி, எத்தனை குழந்தை எடை கம்மி, எத்தனை சாவு. அதை நான் வெப்சைட்டுல ஏத்தணும். அவ்வளவுதான். நான் டைப் அடிக்கறவ. அதை மொதல்லயே சொல்லிடறேன்.

எங்களுக்குப் பெரிய டாக்டரா இருந்தவரு சம்பந்தமூர்த்தி. நீங்க பாத்திருப்பீங்க, இப்ப உங்க ஊர்லதானே பெரிய பதவியில இருக்காரு. அப்பவே அப்படித்தான், அதிர்ந்து பேச மாட்டாரு. எல்லாரையும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவாரு. கூட்டறவங்களையும் அம்மா, என்னையும் அம்மா. அதனாலயே அவரை யாரும் தப்பா நினைக்க முடியாது. கத்தற ஆளா இருந்தா ஒரு நாளாவது திருப்பிக் கத்தியிருப்போம்.

அவரு ரூம்ல ஒரு கண்ணாடி அலமாரி. அதுக்குள்ள கேடயம். பிரசவத்துல ஒரு தாய் கூட சாகாத வட்டாரம்னு வருஷா வருஷம் கலெக்டர் கையால வாங்குனது. மொத்தம் நாலு. வாரத்துக்கு ஒரு தடவை அவரே துணி வச்சுத் துடைப்பாரு, வேற யாரையும் தொட விட மாட்டாரு.

எப்படி ஒருத்தரும் சாகலன்னு கேக்கறீங்களா? செத்தாங்க மேடம். எப்பவும் போலச் செத்தாங்க. வருஷத்துக்கு எண்ணூறு பிரசவம் நடக்கற மலை, ரோடு இல்லாத ஊரு பாதி. நர்சம்மா ரெஜிஸ்டர்ல எழுதிட்டு வருவாங்க. இவரு கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் படிப்பாரு. "இந்தப் பொண்ணு மாமியார் ஊரு கீழ இல்லையா அம்மா? அப்ப நம்ம கணக்குல வராது." "இது மஞ்சக்காமாலைங்க அம்மா, பிரசவச் சாவு இல்ல." "பிரசவம் ஆகி முப்பது நாள் ஆச்சே, காய்ச்சல்னு போடுங்க." நாப்பத்திரண்டு நாளைக்குள்ள செத்தா பிரசவச் சாவுதான், அது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? நர்சம்மா புது ரெஜிஸ்டர் வாங்கி மாத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போவாங்க. என் மேஜைக்கு வரும்போது ஜீரோவாத்தான் வரும். வர்றதை அடிப்பேன்.

ஒரு தடவை மலை ஜனங்க எல்லாம் சேந்து மனு குடுத்தாங்க. ஆம்புலன்ஸ் எல்லாம் அடிவாரத்துல நிக்குது, கூப்பிட்டா ஏறி வர ரெண்டு மணி நேரம் ஆகுது, மேலயே ஒண்ணு நிறுத்துங்கன்னு. மேலிடத்துலேருந்து கருத்து கேட்டு வந்துச்சு. டாக்டர் சொல்லச் சொல்ல நான்தான் பதில் அடிச்சேன். எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு. 'கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் தாய் மரணம் ஏதும் பதிவாகவில்லை. எனவே கூடுதல் ஊர்தியின் தேவை எழவில்லை.' எழவில்லைக்கு எந்த ல போடறதுன்னு அவர்கிட்ட கேட்டேன். அவரு சிரிச்சுட்டு சொல்லிக் குடுத்தாரு. பாத்தீங்களா மேடம், எப்படிப்பட்ட ஆளுன்னு. தன் கேடயத்துக்காக ஒரு வண்டியை வரவிடாம பண்ணுன ஆளு.

அதுக்கு அடுத்த வருஷம் புரட்டாசியில என் தங்கச்சி போயிட்டா. பச்சையம்மா. இருபத்தி மூணு வயசு. காருக்கொம்பையிலேயே மாமன் மகனைக் கட்டிக் குடுத்திருந்தோம். ரெண்டாவது பிரசவம். தேதிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்பவே விடியக்காலையில வலி வந்து வீட்டுலயே குழந்தை பொறந்துடுச்சு. குழந்தைக்கு ஒண்ணுமில்ல. நஞ்சுக்கொடிதான் விழல. ரத்தம் நிக்கவே இல்ல. கம்பளியில தூளி கட்டி மூங்கில்ல கோத்து நாலு பேரு தூக்கிட்டு ஆறு கிலோமீட்டர் ஓடியாந்திருக்காங்க. ரோட்டுக்கு வர்றப்போ மணி ஒம்போது. அப்ப அவளுக்கு நல்லா நினைவு இருந்துச்சு. தண்ணி கேட்டிருக்கா. குழந்தைக்குத் துணி போத்துனீங்களான்னு கேட்டிருக்கா.

எங்க ஊரு நர்சம்மா ஜெபமணி, அவங்க சப்-சென்டர்லேருந்து நடந்தே வந்து சேந்துட்டாங்க. வண்டி வரல. ஒம்போது மணிக்கு ரோட்டுல இறக்குனவளை ஏத்துறதுக்குப் பதினொண்ணே கால். நர்சம்மா அந்த ரெண்டே கால் மணி நேரமும் ரோட்டோரத்துல மண்டி போட்டு அவ அடிவயித்தை அமுக்கிப் பிடிச்சுட்டே இருந்தாங்க. வண்டியிலயும் அப்படியே. ஃபாரஸ்ட் செக்போஸ்ட் தாண்டி மூணாவது வளைவுல மூச்சு நின்னுடுச்சு. எனக்கு ஆபீஸுக்கு போன் வந்தப்போ நான் முந்துன மாசக் கணக்குதான் அடிச்சிட்டிருந்தேன்.

உடம்பை மேல கொண்டு வர டாக்டர் ஆபீஸ் ஜீப்பை அனுப்புனாரு. உசிரோட இறங்கறப்போ வராத ஜீப்பு.

பத்து நாள் கழிச்சு வேலைக்குப் போனேன். அன்னைக்கு ஜெபமணி நர்சம்மா ரெஜிஸ்டர் கொண்டு வந்தாங்க. பச்சையம்மா பேரை செவப்பு மையில எழுதியிருந்தாங்க. தாய் மரணம், அதிக ரத்தப்போக்கு, வாகனம் வரத் தாமதம். அழுத்தி எழுதியிருந்தாங்க, பின்பக்கம் எழும்பியிருந்துச்சு. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. எனக்கு உக்கார நாற்காலி போட்டாரு.

"மாதேஸ்வரி அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா வண்டி செக்போஸ்ட்டைத் தாண்டிடுச்சு. உயிர் போனது கீழ் வட்டார எல்லையில. அவங்கதான் ஏத்தணும். நாமளும் ஏத்துனா ரெட்டைப் பதிவாயிடும். கணக்குன்னா கணக்கா இருக்கணும் இல்லையா அம்மா?"

நர்சம்மா வராண்டாவுல உக்காந்து புதுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நான் என் சீட்டுக்குப் போயி, தாய் மரணம்ங்கற கட்டத்துல ஜீரோ அடிச்சேன். அடிச்சுட்டு 'சமர்ப்பி'ங்கறதை அமுக்குனேன். பச்சையா ஒரு டிக் வந்துச்சு.

அப்புறம் மனசு கேக்காம கீழ் வட்டார ஆபீஸ்ல என்னை மாதிரி வேலை பாக்கற பொண்ணுக்கு போன் போட்டேன். "அக்கா, முகவரி மலைன்னு இருக்குது, எங்க டாக்டர் ஏத்த வேணாம்னுட்டாரு"ன்னா. கேட்டீங்களா மேடம்? செத்தவளுக்கு மேலயும் இடம் இல்ல, கீழயும் இடம் இல்ல. செக்போஸ்ட்டுக் கட்டையிலயே நிக்கறா.

அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த ஆளை விடக் கூடாதுன்னு. மொதல்ல என்னென்னமோ தோணுச்சு. அவரு டீயில எதையாவது கலந்துடலாம்னு தோணுச்சு. டீ வாங்கிக் குடுக்கறதும் நான்தானே. கேடயத்தை எல்லாம் எடுத்துப் போட்டு உடைக்கலாம்னு தோணுச்சு. உடைச்சா என்ன ஆகும்? கண்ணாடி போகும். அவரு என்னைப் பாத்துப் பாவம்பாரு. தங்கச்சி செத்த துக்கத்துல பண்ணிட்டான்னு மன்னிச்சுக் கூட விட்டுடுவாரு. அந்த மன்னிப்பை நெனச்சாலே எனக்கு உடம்பு எரியும்.

அந்த சமயத்துலதான் ஒரு சேதி வந்துச்சு. உலகம் பூரா ஏழை நாட்டுல தாய் ஏன் அதிகமா சாகறா, பணக்கார நாட்டுல ஏன் சாகறதில்லன்னு கணக்குப் பாக்கற குழு ஒண்ணு நம்ம மாவட்டத்துக்கு வருது, ரோடு இல்லாத மலையில ஜீரோ எப்படி வந்துச்சுன்னு சம்பந்தமூர்த்தி அவங்களுக்கு விளக்கணும்னு. ஆடி மாசம் கூட்டம். மனுஷனுக்கு அன்னையிலேருந்து நடையே மாறிடுச்சு. என்கிட்டயே ஒரு உலகப் படம் தயார் பண்ணச் சொன்னாரு. பனி பெய்யற நாடு ஒண்ணு, அங்க ஒரு லட்சம் பிரசவத்துக்கு ரெண்டோ மூணோ பேருதான் சாவாங்களாம். அது பச்சை. ஆப்பிரிக்காவுல பாதி செவப்பு. வெள்ளக்கல் மலையைத் தனியா ஒரு வட்டம் போட்டு, பனி நாட்டை விடக் கரும்பச்சையாக் காட்டணும்னாரு. கலர் நானே பாத்து வச்சேன்.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இவருக்குக் கேடயம் உசிர் இல்ல. அந்த ஜீரோதான் உசிரு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நடந்தேன். எட்டு மாசம். மலையில அறுபத்தி நாலு ஊரு. ஆபீஸ் ரெஜிஸ்டரைப் பாக்கல. அதுல என்ன இருக்குன்னுதான் எனக்கே தெரியுமே. வீட்டு வீட்டுக்குப் போயி உக்காந்தேன். "இந்த அஞ்சு வருஷத்துல வயித்துல புள்ளையோட போனவங்க, பெத்த சூட்டுல போனவங்க யாராவது உண்டா?"ன்னு கேட்டேன். பொம்பளைங்க யோசிக்கவே மாட்டாங்க. மடமடன்னு சொல்லுவாங்க. தினை அறுப்புக்கு முந்துன வாரம், கோயில் திருவிழாவுக்கு மறுநாள், அப்படித்தான் தேதி. நான் அதைக் காலண்டர்ல பாத்து எழுதிக்குவேன். பேரு, வயசு, பெத்து எத்தனாவது நாளு, எத்தனை மணிக்குத் தூக்குனீங்க, ரோட்டுக்கு எப்ப வந்தீங்க, வண்டி எப்ப வந்துச்சு, எந்த இடத்துல உசிர் போச்சு. இந்தக் கேள்வியெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல மேடம். பச்சையம்மாவுக்கு என்ன ஆச்சோ அதையே மத்தவங்களுக்கும் கேட்டேன்.

எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க. ஒருத்தர் மட்டும், மேக்கரைப் பக்கம் பொன்னுவேல்னு ஒரு ஆளு, திண்டாட வச்சுட்டாரு. அவரு சம்சாரம் எல்லம்மா அதுக்கு மூணு வருஷம் முந்தி செத்தது. நான் நோட்டைப் பிரிக்கறதுக்குள்ள, "நீ அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்த பொண்ணுதானே?"ன்னாரு. "அவ செத்ததுக்குச் சீட்டு கேட்டு நான் உன்கிட்டதான் வந்தேன். நீ தட்டிப் பாத்துட்டு அப்படி யாரும் சாகலன்னு சொன்ன. நான் அந்தப் படியில உக்காந்து, ஒருவேளை சாகலையோன்னு நெனச்சேன்"னாரு. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைத்தானே நான் சொல்ல முடியும்? ஜனங்க இப்படித்தான் மேடம். உள்ள உக்காந்து உத்தரவு போடறவனை விட்டுடுவாங்க, வெளிய கண்ணுக்குத் தெரியறவளைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா தேதி நேரமெல்லாம் சரியாச் சொன்னாரு. எழுதிக்கிட்டேன்.

மொத்தம் பத்தொன்பது பேரு. எழுதி முடிச்சு ஒரு நாள் வரிசையா வச்சுப் பாத்தேன். பத்தொன்பதுல பதினாலு பேரு ரோட்டுக்கு வர்றப்போ உசிரோட இருந்திருக்காங்க. வீட்டுலயோ காட்டுலயோ சாகல. தார் ரோட்டு ஓரத்துல, வண்டிக்குக் காத்திருக்கறப்போ. நீங்க எல்லாம் பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க, உங்களுக்கு இது சாதாரணமா இருக்கலாம். நான் அந்தப் பதினாலு பேருக்கும் பக்கத்துல ஒரு கோடு போட்டு வச்சேன்.

கூட்டத்துக்கு முந்துன நாள் ஆபீஸ்ல எல்லாரும் கீழ கெளம்பிப் போயிட்டாங்க. மதியம் நான் மட்டும். போன வருஷத்துக் கட்டத்தைத் திறந்தா திறக்கல. வருஷம் முடிஞ்சா பூட்டிடுவாங்க. அந்த மாசம் மட்டும்தான் திறந்திருந்துச்சு. சரின்னு பத்தொன்பது பேரையும் அந்த ஒரே மாசத்துல ஏத்திட்டேன். அதுதான் மேடம் உங்க கோடு. அந்த வருஷம் நெசமாவே செத்தது மூணு பேரு. அதையும் சேத்துத்தான் இருபத்திரண்டு. தப்புதான், தெரியும். அன்னைக்கு எனக்கு எந்த வருஷம்ங்கறது முக்கியமாப் படல. நாளைக்குக் காலையில அந்த ஆளு முன்னால ஜீரோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொருத்தருக்கும் கடைசியில 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் வரும். யாரும் எதுவும் போட மாட்டாங்க. நான் போட்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன். ரோட்டுக்கு வரும்போது உயிர் இருந்தது. வண்டி ரெண்டே கால் மணி நேரம் கழித்து வந்தது. பதினாலு பேருக்கு இதுதான் திருப்பித் திருப்பி, நேரம் மட்டும் மாறும். அதைப் படிச்சுட்டுத்தான் நீங்க என்னைத் தேடி வந்ததாச் சொன்னீங்க. யாராவது படிப்பாங்கன்னு நான் நெனக்கவே இல்ல. என் ஆத்திரத்துக்குத்தான் அடிச்சேன்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் ஹால். கலெக்டர், வெளிநாட்டுக்காரங்க நாலு பேரு, மாவட்டத்து டாக்டருங்க எல்லாம் வரிசையா. லேப்டாப் தட்டறதுக்கு நான் ஓரமா உக்காந்திருந்தேன். சம்பந்தமூர்த்தி புது சட்டை. உலகப் படம் காட்டுனாரு, பனி நாடு காட்டுனாரு, நம்ம கரும்பச்சை வட்டம் காட்டுனாரு. அப்புறம், "இது நாங்களா எழுதி வச்ச கணக்கு இல்ல, நேரடியா வெப்சைட்டுலயே பாருங்க"ன்னு என் பக்கம் தலையை ஆட்டுனாரு. நான் திறந்தேன். திரை பூரா பத்தொன்பது. கீழ பேரு பேரா. மொதப் பேரு பச்சையம்மா. அதை மொதல்ல வர்ற மாதிரிதான் வச்சிருந்தேன்.

நான் திரையைப் பாக்கல. அவரு மூஞ்சியைத்தான் பாத்தேன். எட்டு மாசம் நடந்தது அதுக்குத்தானே. ரத்தம் இறங்கிப் போச்சு மேடம், மூஞ்சியில. உதடு வெளுத்துடுச்சு. அந்த ஒரு நிமிஷம், சத்தியமாச் சொல்றேன், பச்சையம்மா போனதுலேருந்து எனக்கு அன்னைக்குத்தான் மூச்சு முழுசா உள்ள போச்சு.

அவரு டம்ளரை எடுத்துத் தண்ணி குடிச்சாரு. நிதானமாக் குடிச்சாரு. டம்ளரை வச்சாரு. என்னை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, "இதைத்தான் உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன்"ன்னாரு.

"அஞ்சு வருஷமா இந்த மலையில கள அளவுல தாய் மரணங்களை மறைச்சிருக்காங்க. எனக்கு சந்தேகம் வந்து தனியா ஆள் வச்சு விசாரிச்சேன். வெக்கமா இருக்கு. ஆனா நேர்மையா சொல்லிடணும்னு முடிவு பண்ணேன்"ன்னாரு.

கலெக்டர் எழுந்திருச்சு கை தட்டுனாரு. அப்புறம் எல்லாரும் தட்டுனாங்க. அந்த வெளிநாட்டுப் பொம்பளை கண்ணைத் துடைச்சுட்டு வந்து அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் லேப்டாப் ஒயரைச் சுத்திக்கிட்டு நின்னேன்.

மிச்சம்தான் உங்க படத்துலயே இருக்கே. ரெண்டு மாசத்துல மேல ரெண்டு ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஒண்ணு மேக்கரையில, ஒண்ணு காருக்கொம்பை ரோட்டு முனையில. ஆஸ்பத்திரியில ரத்தம் வைக்கற பொட்டி வந்துச்சு. மாசம் நெறைஞ்சவங்க வந்து தங்கிக்க ஒரு வீடு கட்டுனாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பேரு, அதுக்கடுத்து ஒண்ணு, போன வருஷமும் ஒண்ணு. கோடு அப்படியே செங்குத்தா இறங்குது பாருங்க. இருபத்திரண்டுலேருந்து ஒண்ணு. இறக்குனவரு யாரு? டாக்டர் சம்பந்தமூர்த்தி. அவருக்கு பதவி உயர்வு. அவரைப் பத்தி பத்திரிகையில படம். வர்ற மாசம் ஏதோ நாட்டுல இதே கோட்டை வச்சுப் பேசப் போறாருன்னு நீங்கதான் இப்ப சொல்றீங்க.

மார்ச்சுல என் ஒப்பந்தத்தை நீட்டிக்கல. காரணம் சொல்லல. அந்த ஆளு என் பேரை எங்கயும் சொல்லவும் இல்ல. ஒரு நாள் இந்தக் கடைக்கே வந்தாரு மேடம். விசாவுக்கு ஏதோ சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கணுமாம். நீங்க உக்காந்திருக்கற அதே சேர்லதான் உக்காந்தாரு. "மாதேஸ்வரி அம்மா, கோவத்துல பண்ணீங்க, நல்லதாத்தான் முடிஞ்சுது. விசாரணையில உங்க பேரை நான் எடுக்கல, தெரியுமில்ல?"ன்னாரு. நன்றி சொல்லணும்னு எதிர்பாத்து உக்காந்திருந்தாரு. நான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். தலைகீழா ஒண்ணு கூட எடுக்கல, ஒழுங்காத்தான் எடுத்தேன். அதை நெனச்சா எனக்கு இன்னும் ஆறல.

ஜெபமணி நர்சம்மாவா? அவங்களைப் பத்தி கேப்பீங்கன்னு தெரியும்.

மறைச்சது கள அளவுலன்னு அவரு சொல்லிட்டாரில்ல, அப்ப யாரையாவது காட்டணும். ரெஜிஸ்டரை எடுத்துப் பாத்தாங்க. எல்லாத்துலயும் நர்சம்மாங்க கையெழுத்து. பச்சையம்மா பேரு வந்திருக்க வேண்டிய பக்கத்துல ஜெபமணி கையெழுத்து. ஆறு பேருக்கு மெமோ, இவங்களை மட்டும் சஸ்பெண்ட். ஒண்ணரை வருஷம் வீட்டுல இருந்தாங்க. அப்புறம் எங்கயோ தூரமாப் போட்டாங்க. விசாரணை இன்னும் முடியல. அடுத்த வருஷம் அவங்க ரிட்டயர் ஆகணும்.

ஒரு தடவை என்னைப் பாக்க வந்தாங்க. பச்சையம்மா புள்ளைக்கு ஒரு கவுனு வாங்கிட்டு வந்தாங்க. குழந்தை எங்கிட்டதான் இருக்குது, அஞ்சு வயசு நடக்குது. "மாதேஸ்வரி, நான் செவப்பு மையில எழுதுனதை நீ பாத்தியே, வந்து ஒரு வார்த்தை சொல்றியா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்குக் கடையில கூட்டம். அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன். அவங்க கவுனை மேஜையில வச்சுட்டுப் போயிட்டாங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? மாத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டது அவங்கதானே மேடம். யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கலையே. அவரு சொன்னாருன்னு எழுதிட்டா தப்பு இல்லன்னு ஆயிடுமா?

நான் வேற. நான் டைப் அடிச்சவ.

சரி விடுங்க. இந்தாங்க நோட்டு. இதுக்குத்தானே வந்தீங்க. பத்தொன்பது பேரும் தேதியோட இருக்காங்க. அந்தந்த வருஷத்துல பிரிச்சுப் போடுங்க. நாலு, நாலு, மூணு, நாலு, நாலு. அப்புறம் மூணு. அப்புறம் ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. போட்டுப் பாருங்க, அவரு செங்குத்துக் கோடு என்ன ஆகுதுன்னு. சும்மா சறுக்குப் பலகை மாதிரி ஆயிடும். நாலுலேருந்து ஒண்ணுன்னா அதுவே பெரிசுதான்னு சொல்றீங்க. இருக்கட்டும். அந்த வண்டியும் ரத்தப் பொட்டியும் இருந்துட்டுப் போகட்டும், அது ஜனங்களுக்கு வந்தது. எனக்கு அந்த ஆளு மேடையில நிக்கறப்போ கீழேருந்து யாராவது எழுந்திருச்சு, அஞ்சு வருஷம் ஜீரோ போட்டது யாருன்னு கேக்கணும்.

என்னது? நோட்டு மட்டும் போதாதா?

ம்.

யார் ஏத்துனாங்கன்னு வெப்சைட்டுல இருக்குதா? ஒவ்வொரு ஜீரோவுக்கும்? ஆமா, ஐடி என்னோடதுதான். ஆனா பாஸ்வேர்டு ஆபீஸ்ல எல்லாருக்கும்... இல்ல. நான்தான் அடிச்சேன். வேற யாரு அடிப்பா.

அப்ப நான் எழுதிக் குடுத்தாத்தான் பழி அவரு மேல போகும். இல்லன்னா நர்சம்மாங்க எழுதுனதை அந்தப் பொண்ணு ஏத்துனான்னு முடிச்சுடுவாரு. அப்படித்தானே? செவப்பு மையில எழுதியிருந்ததைப் பாத்தது அந்த ரூம்ல மூணு பேரு. அவரு சொல்ல மாட்டாரு. நர்சம்மா சொன்னா நம்ப மாட்டாங்க. மிச்சம் நான்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

பேப்பர் நான் எடுக்கறேன், கடையில பேப்பருக்கா பஞ்சம். நீங்க எழுதுங்க, நான் சொல்றேன். நர்சம்மாவுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அவங்களுக்கு நல்லது ஆனா ஆகட்டும். நான் அந்த ஆளுக்காகத்தான் எழுதறேன்.

எழுதுங்க. மாதேஸ்வரி, தகப்பன் பேரு குழந்தையன், காருக்கொம்பை. அஞ்சு வருஷம் வட்டார ஆபீஸ்ல தாய் மரணக் கட்டத்துல ஜீரோ போட்டது நான். அறுபது மாசம், அறுபது ஜீரோ. எல்லம்மாவுக்கு நான் போட்டேன். பொன்னுவேல் வந்து கேட்டப்போ அப்படி யாரும் சாகலன்னு சொன்னதும் நான். என் தங்கச்சி பச்சையம்மாவுக்கும் நான்தான் போட்டேன்.

எழுதிட்டீங்களா? படிங்க.

ம். சரியா இருக்கு. என் பேரு அங்கேயே இருக்கட்டும், மேல. இப்ப அடுத்த வரி. யாரு சொல்லிப் போட்டேன்னு கேளுங்க.

கேளுங்க மேடம். நீங்க கேட்டு நான் சொன்னதாத்தான் இருக்கணும்.